பிரேக் சரியானது, லைட் போனது!

கம்ப்யூட்டர் இதழில் மோட்டார் பைக் பற்றி என்ன கட்டுரை என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ஒன்றைச் சரி செய்தேன். இப்போது இன்னொன்று வேலை செய்யவில்லை. ஏன்?" இதற்கான பதிலை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கம்ப்யூட்டர் அல்ல, என் பைக்கின் பிரேக் லைட். பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை நேரடியாகவே உதவும். மற்றவர்களுக்கும் பழுது தேடும் வழி பிடிபடும்.

நடந்தது இதுதான். என் பைக்கில் பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். சில வாரங்களாகப் பெடலை மிதித்தால் ஸ்பாஞ்சு போல அமுங்கியது. ஆழமாக மிதித்தால்தான் பிரேக் பிடித்தது. பிரேக் ஆயிலில் காற்று புகுந்துவிட்டது என்று புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து ஏர் எடுத்தேன். இதைத்தான் பிரேக் பிளீடிங் என்கிறார்கள். வேலை முடிந்ததும் பெடல் கல் மாதிரி கெட்டியாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினேன். சிக்னலில் மஞ்சள் விழுந்தது. பெடலை மிதித்தேன். பைக் அழகாக நின்றது. ஆனால் பின்னால் டயர் தேயும் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஓர் ஆட்டோ, என் நம்பர் பிளேட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. "பிரேக் லைட்டே எரியலையே சார், நீங்க நிக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டிரைவர். அவர் கேட்டது நியாயம்தான். மகள் என் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். நாம் பிரேக் போடுவதைப் பின்னால் வருபவர் ஒரு விநாடி தாமதமாக உணர்ந்தால், அந்த 17 மீட்டர் அவருக்கு இல்லை. பிரேக் லைட் என்பது அலங்காரம் அல்ல என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

நான் செய்த தவறு

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். பல்பை மாற்றினேன், எரியவில்லை. பியூஸை மாற்றினேன், எரியவில்லை. சீட்டைக் கழற்றி, கையில் கிடைத்த கனெக்டரையெல்லாம் பிடுங்கிச் சொருகினேன். மூன்று மணி நேரம் போனது. பல்புக்கும் பியூஸுக்கும் காசு போனது. லைட் மட்டும் எரியவில்லை.

அடுத்த நாள் தெருமுனை மெக்கானிக்கிடம் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடைசியா எதைக் கழட்டினீங்க சார்?" ஏர் எடுத்ததைச் சொன்னேன். சாவியைப் போட்டு, முன் பிரேக் லீவரை அழுத்தினார். பின்னால் சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது! பிறகு குனிந்து, பெடலுக்கு மேலே இருந்த சிறிய பிளாஸ்டிக் நட் ஒன்றைச் சில சுற்றுகள் திருப்பினார். பெடலை மிதித்தார். லைட் எரிந்தது. மொத்தம் இரண்டு நிமிடம்.

முன் லீவரை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. அழுத்தியிருந்தால் பல்பும் பியூஸும் நன்றாக இருக்கின்றன என்று அந்த விநாடியே தெரிந்திருக்கும்.

ஏன் இப்படி ஆனது?

பின் பிரேக் லைட்டை எரிய வைப்பது பெடலுக்கு அருகில் இருக்கும் ஒரு சிறிய ஸ்விட்ச். பெரும்பாலான பைக்குகளில் இந்த ஸ்விட்சின் கீழே ஒரு ஸ்பிரிங் தொங்கும். ஸ்பிரிங்கின் மறுமுனை பெடலோடு கொக்கி போட்டு மாட்டப்பட்டிருக்கும். பெடல் கீழே போனால் ஸ்பிரிங் இழுபடும். ஸ்பிரிங் இழுத்தால் ஸ்விட்ச் ஆன் ஆகும். அவ்வளவுதான். இந்த ஸ்விட்சுக்குப் பிரேக் ஆயில் பற்றியோ, பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்பது பற்றியோ எதுவும் தெரியாது. பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இப்போது ஏர் எடுத்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது. காற்று சுருங்கும். குழாயில் காற்று இருந்தவரை, பெடலின் பாதிப் பயணம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போனது. அதனால் பெடல் ஆழமாக இறங்கியது. ஸ்விட்சும் அந்த ஆழத்துக்கு ஏற்றபடி இருந்தது. காற்றை எடுத்தவுடன் பெடல் கெட்டியானது. கொஞ்சம் இறங்கியதுமே பிரேக் பிடித்துவிட்டது. ஆனால் ஸ்பிரிங் இழுபடத் தேவையான தூரத்தைப் பெடல் எட்டவே இல்லை!

அதாவது எந்தப் பாகமும் கெடவில்லை. பிரேக் நன்றாகிவிட்டது. ஸ்விட்ச் மட்டும் பழைய, கெட்டுப்போன பிரேக்கின் அளவிலேயே நின்றுவிட்டது.

கம்ப்யூட்டரில் இதே கதை

வீட்டில் இணைய ரூட்டரை மாற்றுகிறீர்கள். புதிய ரூட்டருக்குப் புதிய பெயர், புதிய பாஸ்வேர்டு. இன்டர்நெட் வேகமாக வருகிறது. ஆனால் மறுநாள் பிரிண்டர் வேலை செய்யவில்லை. உடனே பிரிண்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். இங்க் கார்ட்ரிட்ஜை மாற்றுகிறோம், டிரைவரை அழித்து மறுபடி ஏற்றுகிறோம். பிரிண்டர் கெடவில்லை. அது இன்னும் பழைய வைபை பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. புதிய பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்குக் கொடுத்தால் முடிந்தது வேலை.

பைக்கில் நட்டைத் திருப்புவதும் பிரிண்டருக்குப் புது பாஸ்வேர்டு கொடுப்பதும் ஒரே வேலைதான். ஒரு பகுதியை மாற்றினால், அதை நம்பி இருக்கும் அடுத்த பகுதிக்கும் அந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும்.

பழுது தேடும் படிகள்

இனி நேரடியாக விஷயத்துக்கு வருவோம். பிளீடிங் செய்த பிறகு பின் பிரேக் லைட் எரியவில்லையா? கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். சாவியை ஆன் செய்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். சாவி ஆஃப் என்றால் பல பைக்குகளில் பிரேக் லைட் எரியாது.

1. முன் லீவரை அழுத்துங்கள். முன் பிரேக்குக்கு ஒரு ஸ்விட்ச், பின் பிரேக்குக்கு ஒரு ஸ்விட்ச். இரண்டும் தனித்தனியாக அதே லைட்டைத்தான் எரிய வைக்கின்றன. முன் லீவரில் லைட் எரிந்தால் பேட்டரி, பியூஸ், பல்பு, எர்த் எல்லாம் சரி. பல்பைத் தொடாதீர்கள். பழுது பின் ஸ்விட்சிலோ அதன் ஒயரிலோதான். ஒரே சோதனையில் பாதிக்கும் மேற்பட்ட சந்தேகங்கள் காலி!

2. இரண்டிலும் எரியவில்லையா? அப்போது பல்பைப் பாருங்கள். பழைய வகைப் பல்பில் இரண்டு இழைகள் இருக்கும். 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக் லைட்டுக்கு. டெயில் லைட் எரிகிறது என்பதால் பல்பு நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 21 வாட் இழை மட்டும் அறுந்திருக்கலாம். ஹாரன், இண்டிகேட்டரும் வேலை செய்யவில்லை என்றால் பியூஸைப் பாருங்கள். பல பைக்குகளில் இவற்றுக்கெல்லாம் ஒரே பியூஸ்தான்.

3. ஸ்பிரிங்கைக் கண்ணால் பாருங்கள். பிளீடிங் செய்யும்போது பெடலை வழக்கத்தைவிட ஆழமாக, பலமுறை மிதிக்கிறோம். அப்போது ஸ்பிரிங் கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். நம் கை பட்டு ஸ்விட்ச் ஒயரின் கனெக்டரும் லூஸ் ஆகியிருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள்.

4. ஸ்பிரிங்கைக் கையால் இழுங்கள். லைட் எரிந்தால் ஸ்விட்சும் சரி, ஒயரும் சரி. அட்ஜஸ்ட்மென்ட்தான் குறை. படி 6க்குப் போய்விடுங்கள்.

5. இழுத்தும் எரியவில்லை என்றால் ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். வண்டிப் பக்கம் வரும் இரண்டு ஒயர்களையும் ஒரு சிறிய துண்டு ஒயரால் ஒரு கணம் இணையுங்கள். லைட் எரிந்தால் ஸ்விட்ச் போய்விட்டது, மாற்ற வேண்டும். எரியவில்லை என்றால் ஒயரில் கோளாறு. ஜாக்கிரதை! இந்த இரண்டு ஒயர்களை ஒன்றோடொன்று மட்டும்தான் இணைக்க வேண்டும். வண்டியின் இரும்புப் பகுதியில் பட்டால் பியூஸ் போய்விடும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அதைக் கன்டினியுட்டியில் வைத்து ஸ்விட்சின் இரண்டு முனைகளில் தொட்டுக்கொண்டு ஸ்பிரிங்கை இழுத்தால் பீப் சத்தம் வர வேண்டும்.

6. அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஸ்விட்சின் உடம்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் நட்டை மட்டும் திருப்புங்கள். ஸ்விட்சையே திருப்பினால் உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துவிடும். நட்டைத் திருப்பும்போது ஸ்விட்ச் மேலே ஏறினால் லைட் சீக்கிரம் எரியும். கீழே இறங்கினால் தாமதமாக எரியும். அரைச் சுற்று திருப்பிவிட்டு, பெடலை மிதித்துப் பாருங்கள். பிறகு அடுத்த அரைச் சுற்று.

எந்த இடத்தில் நிறுத்துவது? பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பே லைட் எரிய வேண்டும். பெடல் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கியதும் எரிய வேண்டும் என்று சில சர்வீஸ் புத்தகங்கள் சொல்கின்றன. உங்கள் பைக்கின் புத்தகத்தில் உள்ள அளவே சரியான அளவு.

உங்கள் பைக்கில் ஸ்பிரிங்கே இல்லையா?

சில பைக்குகளில் ஸ்விட்ச் பெடலில் இருக்காது. பிரேக் ஆயில் குழாயிலேயே ஒரு போல்ட் போல மாட்டப்பட்டு, அதன் தலையிலிருந்து இரண்டு ஒயர்கள் வரும். இது பிரஷர் ஸ்விட்ச். பெடலின் தூரத்தை இது பார்ப்பதில்லை. ஆயிலின் அழுத்தத்தைப் பார்க்கிறது. இதில் அட்ஜஸ்ட் செய்ய நட் கிடையாது.

பிளீடிங்குக்குப் பிறகு இது வேலை செய்யவில்லை என்றால் முதலில் பெடலைக் கவனியுங்கள். பெடல் இன்னும் மெத்தென்று இருந்தால் காற்று முழுதாக வெளியேறவில்லை. அழுத்தம் சரியாக ஏறாததால் ஸ்விட்சும் ஆன் ஆகவில்லை. மறுபடி பிளீடிங் செய்ய வேண்டும். பெடல் கெட்டியாக இருந்தும் லைட் எரியவில்லை என்றால் படி 5ல் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். ஸ்விட்சை மாற்ற வேண்டி வந்தால் வாஷர்களையும் புதிதாகப் போட வேண்டும். ஆயில் குழாய் திறக்கப்படுவதால் மீண்டும் ஏர் எடுக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. ஏ.பி.எஸ். உள்ள பைக்குகளில் பிளீடிங் முறை மாறலாம் என்பதால் புத்தகத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

பின்னால் டிரம் பிரேக் உள்ளவர்களுக்குப் பிளீடிங் வேலையே இல்லை. ஆனால் பிரேக் ராடின் நட்டை டைட் செய்தாலும் பெடலின் பயணம் குறைகிறது. எனவே டைட் செய்த ஒவ்வொரு முறையும் லைட்டைப் பார்த்துவிடுங்கள்.

எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால்?

இது எரியாமல் இருப்பதைவிடச் சாதாரணமான பிரச்னை என்று நினைக்காதீர்கள். எப்போதும் எரியும் லைட் பின்னால் வருபவருக்கு எதையும் சொல்வதில்லை. பேட்டரியையும் தின்னும். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் எடுக்கும். 5 ஆம்பியர் அவர் பேட்டரி உள்ள பைக்கில் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை ஆனில் விட்டால், மூன்று மணி நேரத்துக்குள் பேட்டரி காலியாகிவிடும்.

பின் ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். லைட் அணைந்தால் குறை பின் பக்கம். அணையவில்லை என்றால் முன் லீவர் ஸ்விட்சைப் பாருங்கள். பின் பக்கம் என்றால் நட்டை அதிகம் திருப்பிவிட்டீர்கள் என்பதே பெரும்பாலும் காரணம்.

ஆனால் நட்டைத் தொடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இலேசாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால், பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். பிளீடிங் செய்தபோது ஆயில் கப்பில் மேல் கோட்டுக்கு மேலே ஊற்றியிருந்தாலும் இப்படி ஆகலாம். ஆயில் சூடாகி விரியும்போது அதற்கு இடம் இருக்காது. பிரேக் தானாகப் பிடிக்கும். இந்த நிலையில் லைட் எரிவது பழுது அல்ல, எச்சரிக்கை! நட்டைத் திருப்பி லைட்டை அணைத்தால் எச்சரிக்கையை அணைத்தவர் ஆவீர்கள். கம்ப்யூட்டரில் எர்ரர் மெசேஜ் வந்ததும் படிக்காமல் ஓகே கிளிக் செய்து மூடுவதும் இதே தவறுதான்.

பிரேக் ஆயில் பற்றி நான்கு வரி

ஆயில் கப்பின் மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை. டாட் 5 சிலிக்கான் வகை. இதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். அதனால்தான் பல கம்பெனிகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. பெயின்ட் மீது சிந்தினால் அரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் எங்கே உதவும்?

பைக் வேலையை ஆரம்பிக்கும் முன் மொபைலில் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்று பிறகு மண்டையைக் குடைய வேண்டாம். வேலை முடிந்ததும் மொபைலை வண்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டு, பெடலைப் பத்து முறை மிதியுங்கள். லைட்டைப் பார்த்துச் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை.

அடுத்தது பதிவேடு. எக்ஸெல்லில் ஒரு ஷீட் திறந்து தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, அடுத்த தேதி என நான்கு காலங்கள் போடுங்கள். தேதிக்கான செல்லில் இன்றைய தேதியை அடியுங்கள். அடுத்த தேதியைக் கணக்கிட ஈடேட் என்ற பங்ஷன் இருக்கிறது. ஆங்கிலத்தில் இ, டி, ஏ, டி, இ என்று ஐந்து எழுத்துகள். சமக்குறி போட்டு இந்தப் பெயரை அடித்து, அடைப்புக்குறிக்குள் தேதி இருக்கும் செல், கமா, 24 என்று கொடுத்தால் 24 மாதம் கழித்து வரும் தேதி கிடைக்கும். தேதிக்குப் பதில் ஏதோ பெரிய எண் தெரிந்தால் பயப்படாதீர்கள். அந்தச் செல்லின் பார்மட்டை டேட் என்று மாற்றினால் சரியாகிவிடும். இதே ஷீட்டில் கம்ப்யூட்டரில் செய்யும் மாற்றங்களையும் எழுதி வாருங்கள். "கடைசியா எதைத் தொட்டீங்க?" என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

மூன்றே விதிகள்

பழுது வந்தால் கடைசியாகத் தொட்ட இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள். பாகங்களை மாற்றும் முன், எது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும் ஒரு சோதனையைச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, உடனே சோதியுங்கள். ஒன்றாக நான்கை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

கம்ப்யூட்டரில் இந்த விதிகளை மறந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும். பைக்கில் மறந்தால் விலை அதிகம். இப்போதெல்லாம் காலையில் என் மகள் பைக்கில் ஏறும் முன் பின்னால் போய் நிற்பாள். நான் லீவரை அழுத்துவேன், பெடலை மிதிப்பேன். இரண்டு முறையும் அவள் "எரியுதுப்பா" என்ற பிறகுதான் வண்டி கிளம்பும். பத்து விநாடிதான் ஆகிறது. நாளைக் காலை நீங்களும் செய்து பாருங்கள்.